பக்கத்தில் படுத்திருப்பவரின் சாட்சி



உறக்கக் கோளாறுகளைப் பற்றி இரண்டு நாள் தமிழிலேயே பேசப்போகிறோம். தலைமையுரையை மதிய உணவுக்குப் பின் வைக்காமல் காலையில் வைத்த அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி. உறக்கத்தைப் பற்றிய கருத்தரங்கில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பேசுவது யாருக்கும் சோதனைதான்.

வயிற்றுவலிக்காரர் தன் வலியைத் தானே சொல்லிவிடுவார். மூச்சுத்திணறல்காரர் எத்தனை படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது என்று கணக்கே வைத்திருப்பார். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறவருக்கோ அது தெரியாது. "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், படுத்தா தூங்கிடுவேன். இவதான் கூட்டிட்டு வந்தா" என்பார். கூட வந்த மனைவியிடம் திரும்புங்கள். "நல்லா குறட்டை விட்டுட்டே இருப்பார், திடீர்னு சத்தம் நின்னுடும். போயிட்டாரோன்னு மூக்குல கைய வச்சுப் பார்ப்பேன்" என்பார். நோயின் வரலாறு அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது. நாமோ அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நோயாளியிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த அம்மா இருட்டில் கண்டதை உறக்க ஆய்வகத்தின் திரையில் பார்க்கலாம். மூக்கருகே காற்றோட்டத்தைக் காட்டும் கோடு தட்டையாகிவிடும். ஆனால் மார்பும் வயிறும் ஓய்வதில்லை. அடைபட்ட தொண்டையை எதிர்த்து, ஒன்று ஏற மற்றது இறங்க, மாறி மாறி அசைந்துகொண்டிருக்கும். முப்பது நொடி, நாற்பது நொடி. ஆக்சிஜன் அளவு 96-இலிருந்து 80-க்குச் சரியும். பிறகு மூளை ஒரு கணம் விழிக்கும். தொண்டைத் தசை இறுகும். பெரும் குறட்டையோடு காற்று உள்ளே பாயும். அடுத்த நிமிடம் மீண்டும் தட்டைக்கோடு. மூச்சு முழுதாக நிற்பதும் பகுதியளவு குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் நோய், 30 தொட்டால் கடுமை. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. அப்படி இரவைக் கழித்தவர்தான் காலையில் "நல்லாத் தூங்கினேன்" என்கிறார். மருந்துக்கு மேல் மருந்து சேர்த்தும் இறங்காத இரத்த அழுத்தத்தோடு நம் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களில் இவரும் ஒருவர்.

இந்த மூச்சுத்தடை பருத்தவர்களுக்கு மட்டும் வருவது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தாடை சிறுத்து, தொண்டை குறுகியிருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் மல்லம்பட்டி 1985-இல் வகுத்த முறை அது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா என்று முன்கூட்டி அறிய வகுத்தது, இன்று நமக்கும் கைகொடுக்கிறது. கழுத்துச் சுற்றளவை அளக்க ஒரு தையல் டேப் போதும்.

சிகிச்சையின் வரலாற்றில் 1981 ஒரு திருப்பம். அதற்கு முன் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழி. சிட்னியில் காலின் சல்லிவன், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து, தொண்டை மூடாமல் தடுத்துக் காட்டினார். ஐந்தே நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. நாம் இன்று எழுதிக் கொடுக்கும் சிபாப் கருவி அதன் வாரிசு. எழுதிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் என் மனக்குறை. மீசைமேல் பொருந்தாமல் காற்றுக் கசியும் முகமூடி, சித்திரை மாதப் புழுக்கத்தில் அதற்கடியில் வழியும் வியர்வை, நடுராத்திரி மின்தடை, "இதென்ன ஐசியூ மாதிரி" என்று மிரளும் பேரப்பிள்ளைகள். இவற்றில் எதைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. இரவுக்கு நான்கு மணி நேரமாவது போட்டுக்கொண்டால்தான் முறையாகப் பயன்படுத்துவதாகக் கணக்கு. பல கருவிகள் இரண்டாம் மாதமே அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகின்றன. முதல் இரண்டு வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, புதிய அளவில் ஒரு முகமூடி. பல நேரம் இவ்வளவுதான் தேவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணவரின் குறட்டைக்கு மனைவி சாட்சி. மனைவியின் குறட்டைக்கு யார் சாட்சி? அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வு, நடுவயதுப் பெண்களில் நூற்றுக்கு 9 பேருக்கு உறக்கத்தில் மூச்சு நிற்பதைக் கண்டது. ஆண்களில் 24 பேர். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இது கூடுகிறது. நம் ஊர்களில் அந்த வயதுப் பெண் பெரும்பாலும் கணவரோடு படுப்பதில்லை. பேத்தியோடு படுக்கிறார், அல்லது தனியாக. அவர் குறட்டையைச் சொல்வதும் இல்லை, வெட்கம். "அசதி", "தலை கனமா இருக்கு" என்பார். நாம் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம்.

நாம் கையில் வைத்திருக்கும் கேள்விகளும் அவரைக் கேட்பதில்லை. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலை அறிவீர்கள். எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். 10-க்கு மேல் போனால் பகலுறக்கம் மிகை. உட்கார்ந்து படிக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணிக்கும்போது, போக்குவரத்தில் கார் சில நிமிடம் நிற்கும்போது, மது அருந்தாத மதிய உணவுக்குப் பின்... இதை நூறுநாள் வேலைக்குப் போய் வரும் பாட்டியிடம் வாசித்தால், மதுக் கேள்விக்கே எழுந்து போய்விடுவார். காரில் ஏறாதவருக்கு 0, படிக்காதவருக்கு 0. மொத்தம் 4 என்று எழுதி, நோயில்லை என்கிறோம். டவுன்பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் கண் சொக்குமா, பூக்கட்டும்போது கை நின்றுபோகுமா என்று கேட்டால் பதில் வரும். இரண்டாம் நாள் பயிலரங்கை நான் வற்புறுத்திக் கேட்டு வைத்தது இதற்காகத்தான்.

வேறு கோளாறுகளும் சாட்சியைத்தான் தேட வைக்கின்றன. கனவு காணும் நேரத்தில் உடல்தசைகள் செயலிழந்து கிடக்க வேண்டும்; அந்தத் தளர்வு கெட்டவர் கனவில் திருடனை உதைக்க, அடி மனைவிமேல் விழும். 1986-இல் ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் விவரித்த நோய் இது; இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் போன்ற நோய்கள் தலைகாட்டுகின்றன. தளர்வு விலகும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் அது அமுக்குவான் பேய்; இதற்கு மருந்தைவிட விளக்கமே பெரிதும் உதவும். படுத்தால் கால் குடைகிறது, எழுந்து நடந்தால் தேவலை என்பவருக்கு வலி மாத்திரை கொடுக்குமுன் ஃபெரிட்டின் பாருங்கள். 75-க்குக் கீழிருந்தால் இரும்புச்சத்தே மருந்து. பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச்சோகையோடிருக்கும் நாட்டில் இதைத் தவற விடுவதற்குச் சாக்கே இல்லை.

உறக்கமின்மையில் கதை தலைகீழ். இங்கே நோயாளி தானே சாட்சி, அதுவும் இரவு முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி. ஆய்வகத்தில் ஆறு மணி நேரம் உறங்கியவர் "கண்ணே மூடல" என்பதுண்டு. அவர் பொய் சொல்லவில்லை, அவர் மூளை அதை அப்படித்தான் உணர்ந்திருக்கிறது. இவர்களுக்கு நாம் கொடுப்பது அல்பிரசோலம். பாதி மாத்திரையில் தொடங்கி ஒன்றாகி, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி, பத்து வருடம் ஓடிவிடும். குறட்டைக்காரருக்கு இதைக் கொடுத்தால் தளரும் தொண்டை இன்னும் தளரும். 2016-இலேயே அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது அறிதிறன் நடத்தைச் சிகிச்சைதான் என்று பரிந்துரைத்துவிட்டது.

அதன் நடுநாயகம் படுக்கை நேரத்தைக் குறைப்பது. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை புரண்டு ஐந்தரை மணி நேரமே உறங்குகிறவரை, பன்னிரண்டரைக்குத்தான் படுக்கலாம், ஆறுக்கு எழுந்துவிட வேண்டும் என்கிறோம். படுத்த நேரத்தில் 85 விழுக்காடாவது உறங்கத் தொடங்கியபின் வாரம் பதினைந்து நிமிடம் கூட்டுகிறோம். முதல் வாரம் திட்டுவார்கள். லாரி ஓட்டுநருக்கும் வலிப்பு உள்ளவருக்கும் இப்படிச் சொல்லக் கூடாது. மற்றவர்களில் பலருக்குச் சில வாரங்களில் பலன் தெரிகிறது. மாத்திரை எழுத ஒரு நிமிடம், இதை விளக்க இருபது நிமிடம்; கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் தடையாக நிற்பது அந்தப் பத்தொன்பது நிமிடம்தான். செவிலியருக்கும் உளவியல் ஆலோசகருக்கும் பயிற்சி கொடுத்து அதை மீட்கலாம் என்பது என் கருத்து. மனநலத் துறையினர் மறுப்பார்கள், மறுக்கட்டும், நாளைக் காலை அமர்வு அதற்குத்தான்.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை மாலைக்குள் ஒற்றைப் பக்கத்தில் ஒரு கேள்வித்தாள் உருவாக வேண்டும். அதில் நோயாளிக்கு ஒரு பகுதி, பக்கத்தில் படுப்பவருக்கு ஒரு பகுதி. அப்படி ஒருவர் இல்லையென்றால், கைபேசியில் பதிவுசெய்த ஓர் இரவின் ஒலிக்கு ஓர் இடம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரை குழந்தைகளின் அடினாய்டு வீக்கம் பற்றியது. காது மூக்குத் தொண்டைத் துறைப் பேராசிரியரை மேடைக்கு அழைக்கிறேன்.