குடிச்சா பசி தாங்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பத்தியெல்லாம் எனக்கு முன்னால் பேசினவங்க சொல்லிட்டாங்க. நான் ஒரு டப்பாவைப் பத்திப் பேசப் போறேன். புரோட்டீன் பவுடர் டப்பா. முன்னெல்லாம் வெளிநாட்டில் இருந்து வர்ற பிள்ளைகள் பெட்டியில்தான் அது இருக்கும். இப்ப அம்மாமார் அலமாரியில் இருக்கு. எடை குறையணும், சுகர் குறையணும்னு காலைச் சாப்பாட்டை விட்டுட்டு இதைக் கரைச்சுக் குடிக்கிறோம்.

சுகாதாரத் தன்னார்வலரா நான் வீடு வீடா பிரஷர் கருவியைத் தூக்கிட்டுப் போறவ. எங்க குழுவிலேயே ஒரு லாத்தா, சுகருக்கு மாத்திரை எடுக்கிறவங்க, "இட்லியை நிறுத்திட்டு இதைக் குடிக்கலாமா"ன்னு கேட்டாங்க. நானும் பெருசா யோசிக்காம, "நல்லதுதானே லாத்தா, கலோரி கம்மி"ன்னு சொல்லிட்டேன். காலை ஏழு மணிக்கு ஒரு கரண்டி பவுடரைத் தண்ணியில் கலக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சிருவாங்க. பத்து மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போடும். ரெண்டு வடை, சீனி போட்ட டீ. குறைச்ச கணக்கெல்லாம் அதில் போயிரும். ஒரு நாள் வைராக்கியமா வடையும் வேண்டாம்னு இருந்து, குழுக் கூட்டத்தில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துட்டாங்க. சீனித் தண்ணி கொடுத்த பிறகுதான் தெளிஞ்சது. சுகருக்குப் போடுற சில மாத்திரைகள் சாப்பாட்டை நம்பித்தான் வேலை செய்யும். சாப்பாடு குறைஞ்சா சுகர் இறங்கிரும். அதை நான் கேட்டிருக்கணும். கேட்காதது என் தப்பு.

சரி, பசி எடுக்குதுன்னு தெரிஞ்சதும் அவங்க மகன் ஒரு வழி சொன்னார். 300 மில்லி பால், ரெண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம், ரெண்டு கரண்டி கடலை வெண்ணெய், எல்லாத்தையும் பவுடரோட மிக்சியில் அடிச்சுக் குடிக்கணுமாம். பசி தாங்கத்தான் செய்யும்! கணக்குப் போட்டுப் பார்த்தோம். பவுடர் 120, பால் 180, பழம் 200, பேரீச்சை 90, கடலை வெண்ணெய் 190. மொத்தம் 800 கலோரியை ஒட்டி வருது. பன்னிரண்டு இட்லிக்கு மேல. எடை ஏறணும்னு ஜிம்முக்குப் போற பையனுக்கு அது சரி. அம்மாவுக்கு அது ஆகாது.

அப்ப கலோரி ஏறாம வயிறு நிறைய என்ன வழி? இது நமக்குத் தெரியாத வித்தை இல்ல. நோன்புக் கஞ்சியை நினைச்சுப் பாருங்க. ஒரு கைப்பிடி அரிசியைச் சோறா வடிச்சுத் தின்னு, மேல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா ஒரு பசி. அதே அரிசியும் அதே தண்ணியும் சேர்ந்து கஞ்சியா வந்தா வேற பசி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்கிற பேராசிரியை 1999-ல் இதையே பெண்களை வச்சு ஆராய்ந்தார். ஒரே சாப்பாட்டைக் கெட்டியாத் தந்து தண்ணியைத் தனியாக் கொடுத்ததை விட, அந்தத் தண்ணியையும் சேர்த்துச் சூப்பாக் கொடுத்தப்ப, அடுத்த வேளை அவங்க குறைவாச் சாப்பிட்டாங்க. மறு வருஷம் 28 ஆம்பளைகளுக்குத் தயிரில் செஞ்ச ஷேக் கொடுத்தாங்க. சரக்கு அளவு ஒண்ணுதான். காத்து ஏற அடிச்சு, 300 மில்லி, 450, 600-ன்னு பொங்க வச்சாங்க. 600 மில்லி குடிச்சவங்க மதியம் 12 சதவீதம் குறைவாச் சாப்பிட்டாங்க. நுரைக்கு என்ன கலோரி? நம்ம மத்துக்கு இருக்கிற மதிப்பு அப்பதான் எனக்குப் புரிஞ்சது.

கெட்டியும் முக்கியம். 2016-ல் நெதர்லாந்தில் செஞ்ச ஆராய்ச்சியில், 100 கலோரி உள்ள கெட்டியான ஷேக், 500 கலோரி உள்ள தண்ணியான ஷேக்கை விட வயிறு நிறைஞ்ச உணர்வைத் தந்திருக்கு. ஆனா இரைப்பை காலியாகுற வேகத்துக்குக் கெட்டியை விடக் கலோரிதான் பெருசாக் கணக்கு. அதனால வெறும் கெட்டித் தண்ணியை நம்பி உட்காராதீங்க. புரோட்டீன் உள்ளே இருக்கணும், கெட்டியும் இருக்கணும்.

கெட்டிக்கு என்ன போடுறது? இங்கதான் நம்ம கடல் வருது. கடைப் புட்டியில் வர்ற ஷேக் லேபிளைத் திருப்பிப் பாருங்க. பலதில் 407-ன்னு ஒரு எண் இருக்கும். அது காராஜீனன். மண்டபம் பக்கம் நம்ம பெண்கள் மிதவை கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் பாசியில் இருந்து எடுக்கிற சரக்குதான் அது. 406-ன்னு இருந்தா அகர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசியில் இருந்து வர்றது. விரல்ல துணி சுத்திக்கிட்டு, மூச்சை அடக்கி முங்கி நம்ம பெண்கள் எடுத்த பாசி, டப்பாவுக்குள்ள போய் விலை ஏறி நம்ம கிட்டயே வருது.

நம்ம வீடுகளில் நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சுறோமே, அதுதான் அகர். கொதிக்க வச்சாத்தான் கரையும். ஆறினா ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும். ஒரு தடவை உறைஞ்சா, உருக வைக்க ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேணும். வயித்துச் சூடு 37 டிகிரிதான். அதனால உள்ளே போயும் அது உருகாது. கலோரி இல்லைன்னே சொல்லலாம். நம்ம தப்பு, அதில் பாலும் சீனியும் ரோஸ் மில்க்கும் ஊத்துறது.

செய்முறை சொல்றேன். ராத்திரி ஒரு டம்ளர் தண்ணியில் அரை டீஸ்பூன் அகர் தூள் போட்டு, ரெண்டு மூணு நிமிஷம் கிண்டிக் கொதிக்க விட்டு மூடி வச்சிருங்க. காலையில் தளதளன்னு உறைஞ்சிருக்கும். மத்தால உடைச்சு, ஒரு டம்ளர் நீர்மோர், ஒரு கரண்டி பவுடர், ஏலக்காயோ சுக்கோ ஒரு சிட்டிகை சேர்த்து நுரை வர அடிங்க. பவுடரைச் சுடுதண்ணியில் போடாதீங்க, திரிஞ்சு கட்டி தட்டிரும். மொத்தம் 160 கலோரிதான் வரும். பெரிய சொம்பு நிறைய இருக்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்து குடிங்க. முடிஞ்சா கரண்டியால சாப்பிடுங்க. வெள்ளரிக்காயைச் சேர்த்து அடிச்சாலும் நல்லது. நூறு கிராமுக்கு 15 கலோரிதான்.

அகர் கிடைக்கலன்னா ஊற வச்ச சப்ஜா விதை ஒரு டீஸ்பூன் போடலாம். இசப்கோல் போடுறவங்க கலக்கின உடனே குடிச்சிரணும், மேல இன்னொரு டம்ளர் தண்ணியும் குடிக்கணும். விழுங்கச் சிரமப்படுற வயசானவங்களுக்கு அது வேண்டாம், தொண்டையில் அடைச்சுக்கும். தைராய்டு மாதிரி மாத்திரை போடுறவங்க எத்தனை மணி நேரம் தள்ளிக் குடிக்கணும்னு டாக்டர் கிட்ட கேட்டுக்கங்க. கரையில் காயுற பாசியை அள்ளி வந்து வேக வச்சுடாதீங்க. சாப்பாட்டுக்குன்னு கடையில் விக்கிற அகர் வேற.

டப்பா வாங்க முடியாதவங்க பொட்டுக்கடலை மாவு போடலாமான்னு கேட்டாங்க. போடலாம். ஆனா உள்ளதைச் சொல்லணும். நூறு கிராமில் 22 கிராம் புரோட்டீன்தான், கூடவே 370 கலோரி. டப்பாப் பவுடர் 30 கிராமிலேயே அந்தப் புரோட்டீன் வந்திரும். நான் சொல்றது, ரெண்டு ஸ்பூன் மாவு போட்டு அகர் மோர் குடிச்சு, கூட ஒரு அவிச்ச முட்டையோ நேத்து மீனில் ஒரு துண்டோ சாப்பிடுங்க. டப்பாவுக்குன்னு குழுவில் உள்கடன் கேட்டு வராதீங்க. வந்த ரெண்டு விண்ணப்பத்தை நான்தான் திருப்பி அனுப்பினேன், கோபப்படாதீங்க.

சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்காம இந்தப் பவுடரைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவங்களும் எடை குறைக்கன்னு இதில் இறங்க வேண்டாம். சுகர் மாத்திரை, ஊசி எடுக்கிறவங்க, காலைச் சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடியே மாத்திரை அளவை டாக்டர் கிட்ட கேளுங்க. அந்த லாத்தாவுக்கு அதன் பிறகுதான் மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க. இப்ப அவங்க ஒரு இட்லியும், ஒரு சொம்பு அகர் மோரும். பதினொண்ணரை வரைக்கும் தாங்குதாம்.

பின்னாடி மேசையில் ரெண்டு குடம் வச்சிருக்கேன். ஒண்ணு தண்ணியாக் கலக்கினது, இன்னொண்ணு அகர் போட்டு அடிச்சது. பவுடர் ரெண்டுலயும் ஒரே அளவு. சீனி போடலை, முகத்தைச் சுளிக்காதீங்க. உப்பு டப்பா பக்கத்திலேயே இருக்கு.