அச்சுறுத்தும் எழுத்து



பேய்ப்படச் சுவரொட்டியைப் படிக்கத் தெரியாதவரும் இன்னதென்று அறிந்துகொள்வர். முள்ளும் கூர்முனையுமாக, குருதி சொட்டுவதுபோல் எழுதப்பெறும் தலைப்பெழுத்தே அதனை உணர்த்திவிடுகிறது. 1920இல் செருமனியில் வெளிவந்த 'டாக்டர் கலிகாரியின் அறை' என்னும் ஊமைப்படத்தில், சுவரும் வீதியும் கோணியதற்கேற்ப எழுத்துகளும் கோணலும் கூர்மையுமாகத் தீட்டப்பெற்றன. கணினி வந்தபின் அத்தகைய எழுத்துருக்கள் உரோமன் எழுத்தில் பெருகிவிட்டன. அவற்றைக் கண்டு தமிழ் எழுத்துக்கும் முள் ஒட்டப் புகுந்தோர் பலர். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

'பேய்' என்னும் சொல்லையே கொள்வோம். இரட்டைக் கொம்பின் மேற்சுழி கூர்முனையில் கரைந்துபோனால் அது ஒற்றைக் கொம்பாகிவிடும். பேய் 'பெய்' ஆகிவிடும். அச்சுறுத்த வந்த சொல் மழையை அழைக்கும்! யகரத்தின் மேற்புள்ளி குருதித் துளிகளிடையே மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகும். வேறோர் எழுத்தின் தலையில் துளி தெறித்தால் உயிர்மெய் மெய்யாகும். தமிழில் புள்ளி அணியன்று, ஒலி. குற்றெகரத்துக்குப் புள்ளியிடுமாறு தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிட்டாரல்லர். குறிலும் நெடிலும் மயங்கிய அந்நிலையை மாற்றி, பதினெட்டாம் நூற்றாண்டில் சுழியால் வேறுபாடு காட்டியவர் வீரமாமுனிவர் என்பர். அரிதில் பெற்ற அச்சுழியை ஓர் அலங்கார முள்ளுக்காக இழப்பது தகுமா?

தமிழெழுத்து உருண்டையானது, அச்சச்சுவைக்கு இசையாது என்பாரும் உளர். அது முழுவதும் பொருந்தாது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் உள்ள தமிழி எழுத்து, கோடும் கோணமுமாகக் கல்லில் கீறப்பட்டது. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்த வீரனுக்கு நட்டது. அக்கூடலூர் சுருளிப்பட்டிக்கு அண்மையிலுள்ள கூடலூரே என்பது ஆய்வாளர் சிலர் கருத்து. 'கல்' என்று தொடங்கும் அவ்வரியின் ககரம் கூட்டற்குறிபோல் நிற்கிறது. அதில் கோரைப்பல் இல்லை, சொட்டும் குருதியும் இல்லை. ஆயினும் சாவின் கனம் இருக்கிறது. கூர்மையைத் தேடும் வடிவமைப்பாளர் உளி சென்ற வழியைப் பார்ப்பது நன்று.

இன்னொன்று. தட்டி எழுதிய ஓவியர் ஒரே சொல்லில் இருமுறை வரும் எழுத்தை இருவேறாகக் கீறுவார். எழுத்துருவிலோ, ஒரே எழுத்து வருந்தோறும் ஒரே இடத்தில் ஒரே காயம். மூன்றாவது முறை வரும்போது சிரிப்புத்தான் வரும். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து மாறிமாறி வரச்செய்ய இன்றைய கணினியில் வழியுண்டு. ஆனால் தமிழில் உகர, ஊகர வரிசைகள் மட்டுமே முப்பத்தாறு தனி வடிவங்கள். அத்தனையையும் மும்முறை வரையப் பொறுமை வேண்டும். அது வரும்வரை, கவிதை நூலின் அட்டைக்கு இருண்ட எழுத்து வேண்டும் கவிஞர் ஓவியர் ஒருவரைக் கொண்டு தலைப்பை மட்டும் எழுதுவித்துக்கொள்ளலாம்; கொம்பும் புள்ளியும் இருக்கின்றனவா என்று பத்தடி தள்ளி நின்று படித்துப் பார்த்தபின் அச்சுக்குக் கொடுக்கலாம்.