கம்பெனி நம்மைப் படித்துவிட்டுத்தான் வருகிறது

(மஞ்சக்குட்டையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறுவனங்களையும் தொழில்துறைகளையும் எப்படி ஆராய்வது என்று பேசச் சொன்னீர்கள். உங்களில் சிலர் இதழியலும் காட்சித் தொடர்பியலும் படிக்கிறீர்கள். நாளை சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பி.ஆர். ஏஜென்சியில் வேலைக்குப் போகலாம். அங்கே முதல் வாரமே "இந்தக் கம்பெனியைப் பற்றி ஆராய்ந்து, மக்கள் தொடர்புத் திட்டம் ஒன்று எழுதிக் கொடு" என்பார்கள். இன்னும் சிலர் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து வந்திருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தில் உங்கள் ஊர் ஒரு கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

மக்கள் தொடர்பு என்றதும் பத்திரிகைச் செய்தி, விளம்பரம், இலவச மருத்துவ முகாம், நோட்டுப் புத்தகம் கொடுக்கும் படம் இவைதான் நினைவுக்கு வரும். அவை கடைசியில் நடப்பவை. அந்தத் துறையின் பாடப்புத்தகம் வேறு வரிசை சொல்கிறது. ஜான் மார்ஸ்டன் 1963-இல் நான்கு படிகளாக வகுத்தார்: ஆய்வு, செயல், தொடர்பு, மதிப்பீடு. முதல் படி ஆய்வு. கம்பெனி யாருடையது, அதன் பழைய வரலாறு என்ன, அந்தத் தொழில்மீது என்ன புகார்கள் உண்டு, எந்தச் சட்டம் தடுக்கும், போட்டியாளர் யார், ஊரில் யார் ஆதரிப்பார்கள், யார் எதிர்ப்பார்கள், யார் இன்னும் முடிவு செய்யவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார்கள். ஆக, நம் ஊருக்கு ஒரு கம்பெனி வரும்போது அது நம்மைப் படித்துவிட்டு வருகிறது. நாமோ பெரும்பாலும் அதன் பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு எதிரே நிற்கிறோம்.

இந்த மலையையே எடுத்துக்கொள்வோம். சுற்றுலாக் குறிப்புகளில் ஏற்காட்டுக்கு இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று, 'ஏழைகளின் ஊட்டி'. இன்னொன்று, 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னுக்குக் கொடுத்தது: 'ஏற்காட்டின் தந்தை'. சேர்வராயனைக் கும்பிட்டுக்கொண்டு, தினையும் சாமையும் விளைவித்துக்கொண்டு மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்ந்த மலைக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி தந்தையாகிவிட்டார். காடு எப்படி எஸ்டேட் ஆனது, பட்டா யார் பேரில் போனது, செடி நடவும் பழம் பறிக்கவும் யார் குனிந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. காக்பர்ன் வந்தது உண்மை, காப்பி வந்ததும் உண்மை. எங்கிருந்து கதையைத் தொடங்குவது என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். நல்ல மக்கள் தொடர்பு வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

இதே மலைக்கு இன்னொரு கதையும் உண்டு. சேர்வராயன் மலையின் உச்சிச் சமவெளிகளில் பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நம் பெரியவர்கள் சொல்லும் 'மால்கோ', இங்கிருந்தும் கொல்லிமலையில் இருந்தும் அதை வெட்டி எடுத்தது. 1995-இல் மால்கோ ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. அந்தக் குழுமத்தின் தலைமை நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் 2003-இல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. லண்டனில் பட்டியலானதால் உலகின் பெரிய நிதியங்கள் அதன் பங்குகளை வாங்கின. நார்வே அரசின் ஓய்வூதிய நிதியமும் அவற்றில் ஒன்று. அதாவது ஏற்காட்டு மண்ணை லாரியில் ஏற்றிய வேலையில் நார்வே அரசு நிதியத்தின் பணமும் கலந்திருந்தது. லாரியில் எழுதியிருக்கும் பெயரோடு நின்றுவிடாமல் அதன் சொந்தக்காரர் யார், அவருக்கும் சொந்தக்காரர் யார் என்று போய்க்கொண்டே இருப்பதுதான் கம்பெனி ஆராய்ச்சியின் முதல் பாடம்.

நார்வேயில் அப்படி ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்ப் பார்த்தார்கள். அந்த நிதியத்துக்கு ஒரு அறநெறிக் குழு இருக்கிறது. அது தூத்துக்குடி ஸ்டெர்லைட், மேட்டூர் மால்கோ, சத்தீஸ்கரின் கோர்பாவில் பால்கோ, ஒடிசாவின் லாஞ்சிகர் ஆகிய நான்கு இடங்களை ஆராய்ந்தது. மேட்டூரில் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் குவிந்த சிவப்பு மண் கழிவு, லாஞ்சிகரில் பழங்குடி மக்களை வெளியேற்றியது எல்லாம் அந்த அறிக்கையில் ஏறின. 2007 நவம்பரில் வேதாந்தா, ஸ்டெர்லைட், மெட்ராஸ் அலுமினியம் ஆகிய மூன்றையும் நிதியத்தில் இருந்து விலக்கியதாக அறிவித்தார்கள். கடுமையான சுற்றுச்சூழல் சேதம், மனித உரிமை மீறல் இவற்றில் தாங்களும் பங்காளி ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் காரணம். 2010-இல் இங்கிலாந்துத் திருச்சபையும் தன் பங்குகளை விற்று வெளியேறியது. மேட்டூர் அலுமினா ஆலை 2008-இல் நின்றதற்குச் சுரங்கச் சிக்கல்கள் உள்படப் பல காரணங்கள் உண்டு. நார்வேதான் நிறுத்தியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கம்பெனி எதற்கு அஞ்சும் என்பதை அந்த ஆய்வு காட்டியது: தன் பங்குதாரர் முன்னால் வைக்கப்படும் தாளுக்கு.

அஞ்சிய கம்பெனி சும்மா இருக்காது. 2012 சனவரியில் வேதாந்தா 'மகிழ்ச்சியைப் படைப்போம்' என்ற பொருள்படும் பெரிய விளம்பரப் பிரச்சாரத்தைத் தொடங்கியது. தன் நலத்திட்டங்களைப் பற்றி திரைப்பட மாணவர்களைக் குறும்படம் எடுக்க வைத்துப் போட்டி நடத்தியது. எதிர்ப்பு எழுந்ததும் நடுவர்களாக இருந்த ஷியாம் பெனகலும் குல் பனாகும் விலகிக்கொண்டார்கள். அந்தப் பிரச்சாரத்தில் இருந்த குழந்தைகளின் சிரிப்பு உண்மையாகவே இருக்கலாம். நியாம்கிரி மலையை வெட்டலாமா என்ற கேள்விக்கு அந்தச் சிரிப்பு பதில் ஆகாது. பதிலை டோங்ரியா கோந்து மக்களே சொன்னார்கள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. தூத்துக்குடியில் அப்படிக் கேட்க ஆளில்லை. 2018 மே மாதம் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த பிறகுதான் ஆலை மூடப்பட்டது. அதைத் திறக்கக் கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

இனி சாதிக்கு வருகிறேன். கம்பெனி ஆராய்ச்சி என்றால் லாபம், நட்டம், பங்கு, போட்டி எல்லாம் பார்ப்பார்கள். சாதி என்று ஒரு பத்தி அதில் இருக்காது. 2012-இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் ஒரு கட்டுரை வந்தது. இந்தியாவின் முதல் 1000 கம்பெனிகளின் இயக்குநர் குழு உறுப்பினர்களை எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம். செய்தி கொண்டுபோகும் இடம் எப்படி? 2019-இல் ஆக்ஸ்பாம், நியூஸ்லாண்ட்ரி இரண்டும் சேர்ந்து செய்த ஆய்வில், எண்ணிய 121 ஊடகத் தலைமைப் பொறுப்புகளில் 106 பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியில் ஒருவர்கூட இல்லை. கம்பெனியின் மேசையிலும் பத்திரிகையின் மேசையிலும் ஒரே உறவுமுறை உட்கார்ந்திருக்கும்போது, 'மக்கள் தொடர்பு' என்பதில் மக்கள் யார்?

இன்னும் ஒன்று கவனியுங்கள். பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் ஆண்டுதோறும் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை ஒன்று தரவேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. 2022-23 நிதியாண்டு முதல் இது நடப்பில் இருக்கிறது. அந்தப் படிவத்தில் ஊழியர் எத்தனை பேர் என்ற இடத்தில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி என்று பிரித்துக் கேட்கிறார்கள். சாதி கேட்பதில்லை. அதே படிவத்தில் சமூக நலத்திட்டம் என்ற இடத்துக்கு வந்தால், பயனாளிகளில் நலிந்த, விளிம்புநிலைப் பிரிவினர் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். தானம் வாங்கும் வரிசையில் நம்மை எண்ணுவதற்குப் பத்தி இருக்கிறது. சம்பளம் வாங்கும் வரிசையில் எண்ணுவதற்கு இல்லை. ஒரு கம்பெனியின் நலத்திட்டப் படத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்க்காதீர்கள், அதன் சம்பளப் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவிட்டே ஆகவேண்டும். ஆகவே நோட்டுப் புத்தகம் கொடுக்கும்போது நாம் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அது சட்டம் போட்ட கடன்.

சரி, என்ன செய்வது? கேள்விகளைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, யாருடையது? எல்லாக் கம்பெனிக்கும் 21 எழுத்து, எண் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்கள் பெயரைப் பார்க்கலாம். 100 ரூபாய் கட்டினால் கணக்கு, பங்குதாரர் விவரங்களை இறக்கிக்கொள்ளலாம். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஆண்டறிக்கை இலவசம்.

இரண்டாவது, என்ன அனுமதி வாங்கியிருக்கிறது? சுரங்கம் போன்ற திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. விண்ணப்பங்கள் பரிவேஷ் தளத்தில் கிடக்கின்றன. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு தரவேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்கவேண்டும். தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில அறிக்கையையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். எந்த ஊர், எந்த ஓடை, எந்தக் குடியிருப்பு விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

மூன்றாவது, வேலை யாருக்கு, எந்த வேலை? நிரந்தர ஊழியர் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை, அலுவலகத்தில் யார், காட்டு வேலையில் யார், கக்கூஸ் கழுவுவது யார்? 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று எழுதியது. லைன் வீட்டுக் கூரையைப் பார்த்தாலே அதில் எவ்வளவு நடந்தது என்று தெரியும். இந்தப் பத்தியை எந்த அறிக்கையும் நிரப்பித் தராது. நாமே வீடு வீடாகப் போய் நிரப்பவேண்டும்.

நான்காவது, ஊரை எப்படிப் பிரித்து எழுதியிருக்கும்? பழங்குடி மக்களுக்கும் லைனில் குடியிருக்கும் தலித் மக்களுக்கும் நடுவே, நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கம்பெனியின் திட்டத்தில் ஒரு வாய்ப்பாக எழுதப்படும். நம் ஊருக்குள் சாதி வைத்துக்கொண்டு கம்பெனியிடம் ஒற்றுமை பேச முடியாது. நம் சாதியைத்தான் அவர்கள் நம் பலவீனம் என்று குறித்து வைக்கிறார்கள்.

ஐந்தாவது, நாம் எழுதுவது உண்மையா? 1914 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். ராக்பெல்லர் குடும்பம் ஐவி லீ என்பவரை அமர்த்தியது. மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடி என்று பாடப்புத்தகங்கள் இன்றும் சொல்லும் ஆள் அவர். கம்பெனி கொடுத்த தகவலை வைத்துத் துண்டறிக்கைகள் போட்டார். தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டியது அதில் ஒன்று. பிறகு விசாரணைக் குழு முன்னால், தகவலைத் தான் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் பக்கம் ராக்பெல்லரின் பணம் இருந்தது, பிழைத்துக்கொண்டார். நாம் ஒரு எண்ணைக் கூட்டிச் சொன்னால் நம் மொத்தப் போராட்டத்தையும் பொய் என்று முடித்துவிடுவார்கள். ஏஜென்சிக்கு வேலைக்குப் போகும் தோழர்களுக்கும் இதையே சொல்கிறேன். கம்பெனி கொடுக்கும் தாளோடு நிற்காதீர்கள். தொழிலாளியிடமும் கேட்டு எழுதுங்கள். அதை மேலே இருப்பவர் அடித்துவிடலாம். அடித்தது யார் என்று உங்களுக்காவது தெரிந்திருக்கும்.

நமக்கும் மக்கள் தொடர்பு வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். 1920 சனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்துப் போடக் கேட்டும் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. ஊமைகளின் தலைவன் என்று பெயர் வைத்த ஒரு இதழுக்குக் காசு கொடுத்தும் வாய் கிடைக்கவில்லை. அவர் அதற்காக நிறுத்தவில்லை, ஆராய்ச்சியையும் கைவிடவில்லை. சாதியைப் பற்றி, ரூபாயைப் பற்றி, நிலத்தைப் பற்றி எதை எழுதினாலும் ஆவணத்தை மேசையில் வைத்துவிட்டு எழுதினார்.

பெரிய கம்பெனியில் இருந்து தொடங்கவேண்டும் என்பதில்லை. நீங்கள் தினமும் தாண்டிப் போகும் ஏதாவது ஒரு எஸ்டேட் கேட்டின் பலகையில் இருக்கும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ரிசார்ட் என்றாலும் சரி. இரண்டு பேர் தளத்தில் தேடட்டும், இரண்டு பேர் லைன் வீடுகளில் கேட்கட்டும். ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஒட்டி ஒரு மனு போடட்டும். ஒரு மாதத்தில் நான்கு பக்கம் சேரும். அந்த நான்கு பக்கத்தில் கடைசிப் பத்தியாகச் சாதியை நீங்களே கோடு போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அதை வாசியுங்கள்.