வீட்டுக் கணினியும் ஊராட்சி அலுவலகமும்



விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்றது நமது திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். அது முதற்கொண்டு கூரை வீடுகளிலும் கணினி புகுந்தது. ஆனால் அது பழுதுபட்டால் எடுத்துச் செல்வதற்குப் பல ஊர்களில் கடை இல்லை. ஆகவே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர், தம் தொழிற்சாலையின் கணினிப் பிரிவிலுள்ள இளைஞரிடம், "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடு" என்கிறார். ஒன்றிய அலுவலகத்தில் கணினி இயக்குபவர்க்கும் இதே நிலைதான். எழுத்தர் மகளின் மடிக்கணினி இன்று வரும். ஓட்டுநரின் கைப்பேசி நாளை வரும்.

ஏர் பழுதானால் ஊர் ஆசாரியிடம் கொடுத்தோம். அவருக்குக் களத்துமேட்டில் நெல் அளந்தோம். கணினித் தம்பிக்கோ ஒரு காப்பியோடு சரி! கோப்பு ஏதேனும் அழிந்துவிட்டால் பழி மட்டும் முழுமையாக வந்து சேரும்.

இவ்வுதவியைத் தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தடுத்தாலும் அது நில்லாது. நாம் அஞ்சுவது வேறொன்றை. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தடுமாறின. அதே நாட்களில் கேரளத்தில் வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் ஆகிய ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளிலும் கோப்புகள் பூட்டப்பட்டன. திறப்பதற்கு 300 டாலரைப் பிட்காயினாகச் செலுத்துமாறு திரையில் அறிவிப்புத் தோன்றியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றாத கணினிகளே அகப்பட்டன. ஒரு கணினியில் நுழைந்தால் போதும். யாரும் எதையும் தொடாமலே, அதே இணைப்பிலுள்ள மற்றவற்றுக்கும் அது தானாகவே பரவும்.

பழைய மடிக்கணினிகளில் உள்ள விண்டோஸ் 7-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. அத்தகைய கணினியை, வரிக் கணக்கும் மக்களின் ஆதார் எண்களும் உள்ள அலுவலக இணைப்பில் செருகுவது, கோமாரி கண்ட மாட்டை ஊர்த் தொழுவத்தில் கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆதலின், வீட்டுக் கணினியை அலுவலகக் கம்பியில் இணைத்தல் கூடாது. அலுவலகப் பென்டிரைவும் அதில் ஏறுதல் கூடாது. 'ஃபார்மட் அடித்தல்' என்னும் வேலைக்கு முன்னர், உடையவரே அருகிலிருந்து படங்களையும் சான்றிதழ்களையும் தம் சொந்தத் தட்டில் நகலெடுத்துக் கொள்ளட்டும். கடவுச்சொல்லையும் அவரே தட்டட்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தல் வேண்டா. 'கிராக்' விண்டோஸ் போட்டுத் தரும்படி தம்பியை வற்புறுத்துவது அறமுமன்று, பாதுகாப்புமன்று.

வாரத்தில் ஒரு மாலை, அலுவல் முடிந்தபின் ஒரு மணி நேரம், நூலகக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் இவ்வேலை அங்கேயே நடக்கும். அதற்கொரு சிறு ஊதியத்தையும் ஊரார் கூடி முடிவு செய்யலாம்.