முகப்பூச்சும் சிறுநீரகமும்: எல்லைக் கிராமங்களுக்கு ஓர் எச்சரிக்கை

(மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நெய்யாற்று அணைக்கு அணித்தாக அமைந்துள்ள ஊர் அம்பூரி. அங்கிருந்து வெள்ளறடை வழியாகப் பாறசாலை வரையிலும், நெய்யாற்றின்கரையைச் சூழ்ந்தும் உள்ள சிற்றூர்களில் மலையாளமும் தமிழும் ஒருங்கே வழங்கி வருகின்றன. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் மணவினைகளும் சந்தைகளும் எல்லைக் கோட்டினால் பிரிந்துவிடவில்லை. களியக்காவிளையில் வாங்கிய பொருள் பாறசாலையில் பயன்படுவதும், பாறசாலையில் வாங்கியது மார்த்தாண்டத்தில் பயன்படுவதும் அன்றாட நிகழ்ச்சிகளே.

இவ்வாறு எல்லை கடந்து செல்லும் பொருள்களுள் ஒப்பனைப் பொருள்களும் அடங்கும். முகப்பூச்சு, கண்மை, உதட்டுச் சாயம், தலைமுடிச் சாயம் ஆகியவை இன்று நகர மாந்தர்க்கு மட்டும் உரியவை அல்ல. பெட்டிக்கடையில் தொங்கும் சிறு பொட்டலங்கள் வாயிலாகவும், அலைபேசி வழி விற்பனை வாயிலாகவும் மலையோரக் குடியிருப்புகளை இவை எட்டியுள்ளன. இவற்றுள் சில உடலுக்குக் கேடு விளைப்பவை என்பதை அண்மை ஆண்டுகளில் கேரளமே கண்கூடாகக் கண்டது.

மலப்புரம் தந்த பாடம்

மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிச் சவ்வு தடித்துப் பழுதுறும் நோய் 22 பேரிடம் கண்டறியப்பட்டது. உடல் வீக்கமும், சிறுநீரில் மிகுதியாகப் புரதம் வெளியேறுவதும் இந்நோயின் அறிகுறிகள். இவர்களுள் 15 பேருக்கு, பொதுவாக அரிதாகவே காணப்படும் 'நெல்-1' என்னும் வகை இருந்தது மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. டாக்டர் சஜீஷ் சிவதாசும் டாக்டர் ரஞ்சித் நாராயணனும் காரணத்தைத் தேடினர். அப்பதினைவருள் 13 பேர் நிறத்தை வெளுப்பாக்கும் முகப்பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. ஒருவருக்கு மூளையின் இரத்தக் குழாயில் உறைகட்டியும் ஏற்பட்டது. பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர் நலம் பெற்றனர் என்பது ஆறுதல் அளிக்கும் செய்தி.

நோயைத் தோற்றுவித்தது இப்பூச்சுகளில் கலந்திருந்த பாதரசம் என்று கருதப்படுகிறது. தோலுக்குக் கருமை தரும் பொருள் மெலனின் ஆகும். இது உருவாவதற்கு வேண்டிய நொதியின் செயலைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. ஆகவே சில வாரங்களில் முகம் வெளுத்துத் தோன்றுகிறது. வாங்கியவர் மகிழ்ச்சியுற்று மேலும் வாங்குகிறார். ஆனால் அதே பாதரசம் தோலின் வழியே குருதியில் கலந்து, சிறுநீரகத்தில் தங்கிச் சேர்கிறது. கருவுற்ற பெண்ணின் உடலிலிருந்து கருவையும் அது அடையக்கூடும். பூசியவரின் கையிலிருந்தும் துணியிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவக்கூடும். பயன் முகத்தில் உடனே தெரிகிறது. கேடு உள்ளுறுப்பில் மறைந்திருக்கிறது. இந்நஞ்சின் கொடுமை இதில்தான் அடங்கியுள்ளது.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் சோதனை இயக்கத்தைத் தொடங்கியது. அதன் முதல் இரு கட்டங்களில் 7 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பொருள்கள் கைப்பற்றப்பட்டன. 33 நிறுவனங்கள்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டது. சில மாதிரிகளில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 12,000 மடங்கு இருந்ததாக 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதே முகப்பூச்சுக்கு உரிய வரம்பு. அதன் 12,000 மடங்கு என்றால், 100 கிராம் பூச்சில் 1.2 கிராம் பாதரசம் எனக் கணக்கிடலாம். இது தற்செயலாகக் கலந்த மாசு அன்று. வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது என்பது வெளிப்படை.

பிற தீங்குப் பொருள்கள்

பாதரசம் ஒன்றே தீங்கானது என்று கருதலாகாது. மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசப்படும் ஸ்டீராய்டுக் களிம்புகள் மற்றொரு பெருங்கேடாக உள்ளன. நாட்டின் பல மருத்துவ மையங்களில் முகத்தோல் நோயுடன் வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில், இத்தகைய களிம்புகளை முகத்தில் பூசி வந்தது தெரிந்தது. தோல் மெலிதல், செந்நிறம் படர்தல், பருக்கள் பெருகுதல், நிறுத்தினால் எரிச்சல் மிகுதல் ஆகியவை இவற்றின் விளைவுகள். இதனைக் கருத்திற்கொண்டு 2018இல் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது.

தலைமுடிச் சாயங்களில் உள்ள பாரா-ஃபினைலின்-டை-அமின் என்னும் பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். மணவீடுகளில் விரைவில் கருஞ்சிவப்பாகப் பற்ற வேண்டும் என்று பயன்படுத்தும் 'கருப்பு மருதாணி'யிலும் இதைக் கலப்பதுண்டு. இலையை அரைத்து இடும் மருதாணிக்கு இக்குற்றம் இல்லை. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள சில வேதிப் பொருள்கள் நெற்றியில் வெண்புள்ளியை உண்டாக்குகின்றன. ஈயக் கனிமத்தைப் பொடித்துச் செய்யும் சுருமா போன்ற கண்மைகள், கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஊறு செய்கின்றன. 'இயற்கையானது', 'மூலிகை' என்ற சொற்கள் மட்டும் பாதுகாப்புக்கு உறுதி ஆகமாட்டா. ஈயமும் பாதரசமும் இயற்கையில் கிடைப்பவைதாம்.

சட்டம் கூறுவது என்ன?

பிற நாடுகளில் இத்துறைச் சட்டங்கள் பெரும்பாலும் துன்பத்தின் பின்னரே பிறந்தன. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டளவில் 'லாஷ் லூர்' என்னும் இமைச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தனர். 1938இல்தான் ஒப்பனைப் பொருள்கள் அங்கே சட்டத்தின் கீழ் வந்தன. பிரான்சில் 1972இல் ஹெக்ஸாகுளோரோஃபீன் மிகுதியாகக் கலந்த ஒரு பவுடரால் 36 குழந்தைகள் மாண்டனர்.

இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம், 1962இல் திருத்தப்பட்டு, ஒப்பனைப் பொருள்களையும் தன்னுள் கொண்டது. தனியான ஒப்பனைப் பொருள்கள் விதிகள் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. நிறமேற்ற ஈயச் சேர்மங்களையோ ஆர்சனிக் சேர்மங்களையோ சேர்ப்பதை இவ்விதிகள் தடை செய்கின்றன. பாதரசத்தை வேண்டுமென்று சேர்க்கவே கூடாது. தவிர்க்க இயலாமல் கலந்தால், கண்பகுதிக்கு உரியவற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கும் ஏனையவற்றில் ஒரு பங்கும் மட்டுமே இருக்கலாம். போலியான அல்லது கலப்படமான ஒப்பனைப் பொருளை விற்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. அதன் உறுப்பு நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025க்குள் முற்றிலும் ஒழிக்க முடிவு செய்தன.

எனினும் ஓர் இடர்ப்பாடு உள்ளது. ஒப்பனைப் பொருளைத் தயாரிப்பதற்கு உரிமம் வேண்டும். இறக்குமதி செய்வதற்குப் பதிவு வேண்டும். ஆனால் சில்லறை விற்பனைக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே மருந்துக் கடைகளைப் போல் இக்கடைகளின் பட்டியல் எந்த அலுவலகத்திலும் முழுமையாக இராது. மேலும், சட்டம் மத்திய அரசினுடையது. கடைகளைச் சோதிக்கும் பொறுப்பு மாநிலத் துறைகளுடையது. பாறசாலையில் சோதனை நடக்கும் நாளில் சரக்கு களியக்காவிளைக்குப் போய், மறுநாள் திரும்பி வர இயலும். இரு மாநில ஆய்வாளர்களும் செய்தியைப் பகிர்ந்து, ஒரே நாளில் சோதனை நடத்துவது இவ்வெல்லைக்குப் பெரிதும் ஏற்றதாகும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

முறையான பொருளின் மேலுறையில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரிப்பு உரிம எண்ணும், தொகுதி எண்ணும், பயன்படுத்தத்தக்க இறுதி மாதமும் ஆண்டும், சேர்பொருள்களின் பட்டியலும் இருத்தல் வேண்டும். வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் காணப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையாயினும் அப்பொருளை வாங்காதிருப்பதே அறிவுடைமை. பட்டியலில் பாதரசம், மெர்குரி, கலோமல், மெர்குரஸ் குளோரைடு என்ற பெயர்கள் காணப்படினும், தங்கம், வெள்ளி, அலுமினியம் படலாகாது என்ற எச்சரிக்கை இருப்பினும், ஐயமே வேண்டா. சில நாள்களில் வெளுப்பு தருவதாகச் சொல்லும் பூச்சு எதுவாயினும் சந்தேகத்திற்கு உரியதே.

முடிச்சாயத்தைப் பயன்படுத்துவோர், காதின் பின்புறம் அல்லது முன்கையின் உட்புறம் சிறிது தடவி, 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இமைக்கும் புருவத்திற்கும் அதைத் தடவவே கூடாது; பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கை உறையிலேயே அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ஐயத்திற்குரிய பூச்சைச் சில காலம் பயன்படுத்தியவர், காலும் முகமும் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ, காலந் தாழ்த்தாது மருத்துவரை அணுகி, பூச்சின் டப்பாவையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

பலரும் அறியாத உரிமை ஒன்று உண்டு. மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, எவரும் தாம் வாங்கிய ஒப்பனைப் பொருளை, உரிய கட்டணம் செலுத்தி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அளித்து அறிக்கை பெறலாம். அம்பூரியின் மகளிர் குழு ஒன்றோ கல்லூரி மாணவர் மன்றம் ஒன்றோ இவ்வுரிமையைப் பயன்படுத்துமாயின், ஆய்வாளரின் வருகைக்குக் காத்திராமலே உண்மையை அறியலாம்.

அலுவலரின் கடமையும் மாணவரின் பங்கும்

எச்சரிக்கைச் செய்திகள் மக்களின் மொழியில் அமைதல் வேண்டும். அம்பூரி, பாறசாலைப் பகுதிகளில் மலையாளத்தோடு தமிழிலும் துண்டறிக்கைகள் வெளியிடப்பட்டால்தான் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்மார்களை அவை எட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீக்கத்துடன் வருவோரிடம், 'முகத்தில் என்ன பூசுகிறீர்கள்?' என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. கோட்டக்கல்லில் நோயின் மூலத்தைக் காட்டிக் கொடுத்தது அத்தகைய கேள்வியே.

இறுதியாக, தேவையின் வேரையும் நோக்குதல் வேண்டும். நிறத்தைக் கொண்டு பெண்ணை மதிப்பிடும் வழக்கம் இருக்கும் வரையில், கைப்பற்றிய டப்பாவுக்குப் பதிலாக மற்றொன்று வந்துகொண்டே இருக்கும். கருநிறத்தைத் தாழ்வாகக் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறி வகுத்தது. 1975 முதல் விற்கப்பட்டு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு 2020இல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் பெயர் மாற்றத்தினும் மன மாற்றமே பெரிது. பெண் பார்க்க வருவோர் நிறத்தைப் பற்றிப் பேசாதிருக்கும் நாளில், நஞ்சு கலந்த பூச்சை விற்பவனுக்கு வாடிக்கையாளர் இரார். அந்நாள் வரும் வரை, மேலுறையைப் படித்து வாங்கும் பழக்கத்தைப் பள்ளியிலிருந்தே வளர்ப்பது மாணவர் கையிலும், உறையில்லாப் பொருளைக் கடையிலிருந்து அகற்றுவது அலுவலர் கையிலும் உள்ளது.