விடியட்டும் என்று காத்திருக்கலாமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மையித்து அறிவிப்புச் செய்வதும், ஜனாஸா தொழுகை நடத்துவதும், துக்க வீட்டாருக்கு ஆறுதல் கூறுவதும் நம்முடைய பணிகள். மாரடைப்பால் மரணம் நேர்ந்த வீடுகளில் நாம் அடிக்கடி செவியுறும் சொல் ஒன்று உண்டு. "இரவே நெஞ்சை அடைக்கிறது என்றார், வாயுவாக இருக்கும், விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம்" என்பதே அது. ஆயுளின் அளவு அல்லாஹ்வின் கையில் உள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் நேரத்தை அவன் நம் பொறுப்பில் விட்டிருக்கின்றான். அதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்வதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். முழுதும் அடைபட்டால், அரைமணி நேரத்திற்குள்ளாகவே தசை மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை. உறைகட்டியைக் கரைக்கும் ஊசி முதல் 3 மணி நேரத்திற்குள் போடப்பட்டால் மிகுந்த பலன் தரும்; 12 மணி நேரம் கடந்தால் அதனால் பெரும்பாலும் பயனில்லை.

நம் நாட்டின் 50 நகரங்களில், 89 மருத்துவமனைகளில், இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைக் கொண்டு 'கிரியேட்' என்னும் ஆய்வு நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டு வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன நேரத்தின் நடு அளவு 360 நிமிடங்கள். அதாவது 6 மணி நேரம். வந்து சேர்ந்தபின் உறைகட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்த ஆனதோ 50 நிமிடங்கள். நேரம் பெரிதும் வீணானது மருத்துவமனைக்கு வெளியில்தான். தூரமும் வாகன வசதியின்மையும் அதற்கு ஒரு காரணம். வீட்டிற்குள் நிகழும் தயக்கம் மற்றொரு காரணம்.

அத்தயக்கங்களில் முதலாவது, வாயு என்னும் எண்ணம். ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுத்து, ஏப்பம் வந்தால் வீட்டார் நிம்மதி அடைகின்றனர். நெஞ்சின் நடுவே அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகிற்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி குறைவாகவே இருந்து, களைப்பும் குமட்டலும் மூச்சு வாங்குதலும் மட்டும் தோன்றலாம். வாயுவா இதயமா என்பதை ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் கூற வேண்டுமேயன்றி, அடுப்படியில் தீர்மானிக்க இயலாது.

இரண்டாவது, அனுமதிக்காகக் காத்திருத்தல். இதுவே நம் மஹல்லாவின் பெரும் குறை. கணவர் சபுரில் இருக்கின்றார். மகன் சென்னையில் இருக்கின்றான். வீட்டில் இருக்கும் தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அவரிடம் கேட்காமல் எப்படிப் போவது? நடு இரவில் பிள்ளையை ஏன் பதற வைக்க வேண்டும்?" என்று எண்ணுகின்றார். தொலைபேசி எடுக்கப்படவில்லை எனில் மறுபடியும் காத்திருக்கின்றார். துபாயில் இருப்பவரால் இங்குள்ள நெஞ்சு வலியைச் சோதித்து அறிய முடியுமா?

இதனோடு, ஆண் மருத்துவர் பார்ப்பாரே, மஹ்ரம் துணை இல்லையே என்னும் கூச்சமும் சேர்கிறது. உயிர் காக்கும் நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதை மார்க்கச் சட்ட அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். ரமலானில் ஸஹருக்குப் பின் நெஞ்சு வலிக்குமாயின், நோன்பை எண்ணி மருந்தை மறுக்க வேண்டியதில்லை. நோயாளிக்குச் சலுகை உண்டு.

மூன்றாவது, செலவைக் குறித்த அச்சம். அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். தகுதியுடைய குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர்.

நான்காவது, தவக்குலைத் தவறாக விளங்கிக்கொள்ளுதல். நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களை நலம் விசாரிக்கச் சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அவர்களின் நெஞ்சில் கரம் வைத்து, இது இதய நோய் என அறிந்து, ஸகீஃப் கோத்திரத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு கூறியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அந்தப் புனிதக் கரம் பட்ட நெஞ்சுக்கே வைத்தியரிடம் செல்லும் வழி காட்டப்பட்டது எனில், நாம் விடியும்வரை காத்திருப்பதற்குத் தவக்குல் என்று பெயரிடலாகுமா?

எனவே, ஜமாஅத்தார்களே, மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: வலி கண்டவுடன் 108ஐ அழையுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லாதீர்கள். சென்றபின் "ஒன்றுமில்லை" என்று மருத்துவர் கூறினால் வெட்கப்படாமல் அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் திரும்புங்கள்.

இரண்டு: இரவிலும் இதயச் சிகிச்சை கிடைக்கும் அருகிலுள்ள மருத்துவமனைகளின் விவரத்தையும், ஆம்புலன்ஸ் தாமதமானால் உதவக்கூடிய கார் வைத்திருப்போரின் எண்களையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நிர்வாகம் எழுதி வைக்க வேண்டும்.

மூன்று: இம்மலர் கடல் கடந்து வாழும் நம் சகோதரர்களின் கைகளுக்கும் வந்து சேரும். சபுராளிகளே! இன்றே வீட்டிற்குத் தொலைபேசியில் பேசி, "நெஞ்சு வலி என்றால் என்னைக் கேட்க வேண்டாம், முதலில் புறப்படுங்கள், வழியில் தகவல் சொல்லுங்கள்" என்று கூறிவிடுங்கள். அந்த ஒரு சொல் வீட்டிலுள்ளோரின் தயக்கத்தை நீக்கிவிடும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நலமான நீண்ட ஆயுளையும், உரிய நேரத்தில் உரியதைச் செய்யும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.