சிரிக்க வைத்த தாய்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், இறந்தோர் நினைவு நாளன்று மாலை, கல்லறைகளை மந்திரித்தபின் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் சாமியார் பேச எழுந்தால் கோயில் கட்டின கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கதை விழா மலரில் வேறு பக்கங்களில் விரிவாக வருகிறது. கல் கொடுத்தவர், மணல் அடித்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இன்று நான் பேச விரும்புவது கல்லும் மணியும் கொடுக்க வசதியில்லாத ஒரு தாயைப் பற்றி. நம் கெபிக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் துயில்கொள்கிறார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். இதோ முன்வரிசையில் சிலர் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

முதலில் என் குற்றத்தை அறிக்கையிட்டுவிடுகிறேன். அந்த அம்மா இறந்தபோது நான் இந்தப் பங்குக்கு வந்து நான்கு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. அடக்கப் பூசையில் பிரசங்கம் வைக்கவேண்டும். என்னிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் உண்டு. குருமடத்துக் காலம் முதல் எழுதிச் சேர்த்த பிரசங்கக் குறிப்புகள் அதில் இருக்கும். ‘தாய்மார் மரணம்’ என்ற தலைப்பைத் திருப்பினேன். மௌனமே அணிகலனாய்க் கொண்டவர், பொறுமையின் சிகரம், அதிர்ந்து பேசாத உத்தமி என்று அங்கே இருந்ததை உருக்கமாகச் சொல்லி முடித்தேன். நன்றாகப் பேசிவிட்டதாகவே எனக்கு நினைப்பு.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்த அம்மாவின் இளைய மகள் என்னிடம் வந்தாள். “சாமி, தப்பா நினைக்காதீங்க. நீங்க வேற யாரோ ஒரு ஆளப் பத்திப் பேசுன மாதிரி இருந்துச்சு. எங்கம்மா அப்படி இல்லையே” என்றாள்.

நாங்கள் குருமடத்தில் இறையியல் படித்தபோதே இதைக் குறித்து எச்சரிக்கப்பட்டவர்கள். 1969-ஆம் ஆண்டு உரோமையில் வெளியான அடக்கச் சடங்கு நூல், பூசையில் சுருக்கமாக மறையுரை ஆற்றலாம், ஆனால் அது இறந்தவரைப் புகழும் இரங்கலுரையாக இருத்தல் ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. அங்கே இறைவார்த்தையையும் உயிர்ப்பின் நம்பிக்கையையும்தான் பேசவேண்டும். நான் அந்த விதியையும் மீறினேன். மீறியதுதான் மீறினேன், சரியான ஆளையாவது புகழ்ந்தேனா என்றால், அதுவும் இல்லை!

அந்த மகளின் சொல் என்னை உறங்கவிடவில்லை. முப்பதாம் நாள் செபத்துக்கு வீட்டுக்குப் போனபோது, செபமாலை முடிந்ததும், “இன்றைக்கு நான் பேசப்போவதில்லை. நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் சாமியார் முன்னால் என்ன பேசுவது என்ற தயக்கம். பிறகு பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் எழுந்தார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அம்மன் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவர். இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர்கள்.

“விடியமுன்ன வண்டி வந்திரும் சாமி. ஏறுன உடனே எல்லாம் ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு தூங்கும். ஆபீஸ் வாசல் வந்ததும் இவ கணக்குப்பிள்ளை மாதிரியே ஒரு கனைப்பு கனைப்பா பாருங்க, அத்தனை பேரும் அடிச்சுப் புரண்டு எந்திரிச்சு முந்தானையச் சரிபண்ணும். ஒருநாள் நெசமாவே கணக்குப்பிள்ளை கனைச்சாரு. நாங்க இவதான்னு நெனைச்சு, ‘சும்மா கெடடி’ன்னு கத்திட்டோம்.”

அவ்வளவுதான், மடை திறந்தது. ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது வேடம் போட ஆண்கள் யாரும் முன்வராத ஆண்டில், கரிக்கட்டையால் மீசை வரைந்துகொண்டு இவர் மேடையேறியிருக்கிறார். சபையே நடுங்கும்படி கர்ஜித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தீவனத்தொட்டியில் கிடத்தியிருந்த கைக்குழந்தை வீரிட்டு அழுதிருக்கிறது. மாதா வேடம் போட்ட பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏரோது மன்னர் வாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பாலனைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, திரும்பி வந்து வாளை எடுத்துக்கொண்டு, “எங்கேடா அந்தக் குழந்தை?” என்று கேட்டாராம். மீசைக் கரி முழுவதும் பாலன் முகத்தில்! துக்க வீட்டில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அவருடைய மூத்த மகன் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே விம்மத் தொடங்கினார். முப்பது நாளாக அழாதவர் அவர் என்று பிறகு சொன்னார்கள்.

பெரியவர் ஒருவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “சாமி முன்னால இதென்ன கூத்து? செத்தவங்களுக்கு மரியாதை இல்லையா?” என்றார். இறந்தோரைப் பற்றி நல்லதையே பேசவேண்டும் என்று இலத்தீனிலும் ஒரு முதுமொழி உண்டு. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நல்லது எது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம்.

புனித அகுஸ்தீனாரைப் பாருங்கள். அவருடைய தாய் மோனிக்கம்மாள் 387-ஆம் ஆண்டு ஓஸ்தியாத் துறைமுகத்தில் காலமானார். மகனுக்காக ஆண்டாண்டு காலம் கண்ணீர் வடித்த தாய் என்றே நாம் அவரை அறிவோம். அந்த மகன் தம் நூலில் தாயின் மரணத்தைச் சொல்ல வருகிற இடத்தில் இன்னொன்றையும் எழுதிவைத்திருக்கிறார். சிறு பெண்ணாய் இருந்தபோது மோனிக்கம்மாள், பெற்றோருக்கு இரசம் எடுத்துவர அனுப்பினால் எடுக்கும்போதே கொஞ்சம் உறிஞ்சிவிடுவாராம். நாளடைவில் அது கிண்ணக் கணக்கில் போய்விட்டது. வீட்டு வேலைக்காரப் பெண் ஒருநாள் சண்டையில் அவரைக் குடிகாரி என்று ஏசிவிட, வெட்கப்பட்டு அதோடு விட்டாராம். மேற்றிராணியாராய் இருந்த ஒருவர் பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதினார். அதனால் மோனிக்கம்மாளின் புனிதம் ஓர் அணுவும் குறையவில்லை.

அப்போஸ்தலர் பணி நூலில் யோப்பா ஊர்த் தபித்தாவின் மரணத்தையும் நினைத்துப் பாருங்கள். இராயப்பர் வந்து மேல்மாடியில் நுழைகிறார். கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவர்கள் தபித்தாவின் பக்தியைப் பட்டியல் போடவில்லை. அவள் தங்களோடு இருந்தபோது தைத்துக்கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அண்டை வீட்டாரின் நினைவு அப்படித்தான். கையில் பிடித்துக் காட்ட அவர்களிடம் ஏதாவது ஒன்று இருக்கும்.

அன்று அந்த முற்றத்தில் அப்படி ஒன்றைக் காட்டியவர் ஓய்வுபெற்ற நம் ஆசிரியர் ஐயா. அவர் மனைவியை இழந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். சோறு பொங்குவதில்லை, ஒருவரோடும் பேச்சில்லை. அப்போது விளக்கு வைக்கும் நேரத்துக்கு இந்த அம்மா தினந்தோறும் வாசலில் வந்து நிற்பாராம். “வாத்தியார் அண்ணாச்சி, அடுப்புப் பத்தவைக்கத் தீப்பெட்டி இல்ல. ஒண்ணு குடுங்க.” இவர் எழுந்துபோய்த் தேடி எடுத்துக் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது ஏதாவது ஒரு கோட்டிப் பேச்சு, இரண்டு நிமிடம். தீப்பெட்டி தீர்ந்தபோது வாங்குவதற்காகவே இவர் கடைத்தெருவுக்குப் போகவேண்டியதாயிற்று. கடைக்குப் போனால் நாலு பேரைப் பார்க்கவேண்டும். “ஒரு மாசம் கழிச்சுத்தான் சாமி எனக்கு உறைச்சது. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கிறவளுக்குத் தீப்பெட்டி இல்லையாம்!” என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காட்டினார். அவர் புகை பிடிக்கிறவர் அல்லர்.

இத்தனைக்கும் அந்த அம்மா வாழ்வில் சிரிக்கக் காரணம் அதிகம் இருந்ததில்லை. காய்ச்சலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். குச்சி அடுக்கித் தேய்ந்த விரல்கள். கடன் இருந்தது. இவை எல்லாம் அந்தத் தெருவுக்குத் தெரியும்.

தீப்பெட்டி என்றதும் இன்னொரு தாய் என் நினைவுக்கு வருகிறார். இத்தாலி நாட்டில், மிலான் நகருக்கு அருகே மஜெந்தாவில் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பிறந்த புனித ஜான்னா பெரெத்தா மொல்லா. அவருடைய கணவர் பியெத்ரோ ஒரு பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலையில் பொறியாளராகவும் நிர்வாகியாகவும் இருந்தவர். அந்தத் தொழிற்சாலை இருந்த பொன்தே நுவோவோவில்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். ஜான்னா ஒரு மருத்துவர். மெசெரோ என்ற ஊரில் சிகிச்சை நிலையம் வைத்திருந்தார். அவருடைய தங்கை ஒருவர் கனோசியன் சபைக் கன்னியராகி, மருத்துவராக நம் இந்திய நாட்டில் பணிசெய்தவர் என்பது உபரிச் செய்தி.

ஜான்னாவைப் பற்றிச் சுரூபப் படங்களின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். நான்காவது பிள்ளையைக் கருவுற்றிருந்தபோது கருப்பையில் கட்டி கண்டது. குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். 1962 ஏப்ரல் 21, பெரிய சனிக்கிழமையன்று பெண்குழந்தை பிறந்தது. ஏழாம் நாள், ஏப்ரல் 28-இல், 39 வயதில் தாய் கண்மூடினார். இது உண்மை, பெரிய உண்மை. ஆனால் அவரோடு வாழ்ந்த கணவர் பின்னாளில் மீண்டும் மீண்டும் சொல்லிவந்தது வேறு. தாம் ஒரு புனிதையோடு வாழ்வதாக நினைத்ததே இல்லை என்றார் அவர். ஜான்னாவுக்கு மலையேறப் பிடிக்கும், பனிச்சறுக்கு விளையாடப் பிடிக்கும். ஓவியம் தீட்டுவார், பியானோ வாசிப்பார், கார் ஓட்டுவார். இருவரும் பழகத் தொடங்கிய புதிதில், 1954-ஆம் ஆண்டின் கடைசி இரவில், மிலானில் லா ஸ்கலா அரங்கத்துக்கு நாட்டியம் பார்க்கப் போனார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்திருந்த அந்தக் கடைசிக் கர்ப்ப காலத்திலும், பாரிசுக்கு அலுவலாகப் போன கணவரிடம் புதுமாதிரி உடைகளைக் காட்டும் பத்திரிகைகள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். பிழைத்து எழுந்தால் நல்ல உடைகள் தைத்துக்கொள்ளவேண்டும் என்ற ஆசை!

இந்தச் செய்தியைப் படித்த இரவில்தான் எனக்கு ஜான்னா ஒரு மனுஷியாகத் தெரிந்தார். சாக விரும்பாத ஒருத்தி, உடுத்தவும் சிரிக்கவும் ஆசைப்பட்ட ஒருத்தி, அந்த ஆசைகளோடுதான் பிள்ளையைத் தேர்ந்துகொண்டாள். அந்த ஆசைகளை நாம் துடைத்துவிட்டால் அவர் கொடுத்ததின் விலை நமக்கு எப்படித் தெரியும்? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2004 மே 16-ஆம் நாள் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியபோது, 91 வயதான கணவர் பிள்ளைகளோடு அங்கே இருந்தார். கணவர் கண்ணெதிரே மனைவிக்குப் புனிதர் பட்டம்! அன்று பிறந்த அந்தக் குழந்தையும் ஒரு மருத்துவராக வளர்ந்து அங்கே இருந்தார்.

இனி, நான் சொல்லத் தயங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுக்க நான்தான் போனேன். உடம்பு எலும்பாய் இருந்தது. நெற்றியில் பூசிவிட்டுக் கையில் பூசும்போது எண்ணெய் சற்று அதிகமாக வழிந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “பார்த்து ஊத்துங்க சாமி, மீனா பொரிக்கப் போறீங்க?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கோ, திருவருட்சாதன நேரத்தில் இதென்ன என்று பட்டது. “அமைதியாய் இருங்கள் அம்மா, செபம் நடக்கிறது” என்றேன், சற்றுக் கடுமையாகவே. அவர் உடனே கீழ்ப்படிந்து கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் இறந்துவிட்டார்.

இந்தப் பங்குக்கு வந்த புதுச்சாமியார் பயந்துபோய் நிற்கிறார், கை நடுங்குகிறது என்று அந்தத் தாய் கண்டுகொண்டார். வாத்தியார் அண்ணாச்சியிடம் தீப்பெட்டி கேட்டது போலத்தான் என்னிடமும் கேட்டார். எனக்குத்தான் கொடுக்கத் தெரியவில்லை. முப்பதாம் நாள் அந்த முற்றத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசக் கேட்டபோதுதான் இது எனக்கு விளங்கிற்று. கேட்டிராவிட்டால் கடைசிவரை விளங்கியிராது.

ஆகவே பொன்விழா ஆண்டை முன்னிட்டு ஓர் ஏற்பாடு. இனி நம் பங்கில் யார் இறந்தாலும், அடக்கத்துக்கு முந்தின இரவு செபத்துக்கு நானே வீட்டுக்கு வருவேன். செபம் முடிந்ததும் அண்டை அயலார், கூட வேலை பார்த்தவர்கள், எந்தச் சமயத்தவரானாலும் பேசலாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், யாரும் தடுக்கவேண்டாம். பூசையில் நான் இறைவார்த்தையை மட்டும் பேசுவேன். உபதேசியார் ஒரு நோட்டில் நீங்கள் சொல்வதை எழுதிவைப்பார். என் பழைய நோட்டுப் புத்தகத்தில் ‘தாய்மார் மரணம்’ என்ற பக்கத்தைக் கிழித்தாயிற்று.

மெழுகுதிரிகள் கரைந்துகொண்டிருக்கின்றன, தொலைவிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசிப் பேருந்தும் இருக்கிறது. ஏரோது நாடகத்தைப் பற்றி நான் பாதிதான் சொன்னேன். மீதியை நேரில் கண்டவர் ஆசிரியர் ஐயா. அவர் இங்கே இருக்கிறார். வாருங்கள் ஐயா, ஒலிபெருக்கியைப் பிடியுங்கள்.